மாரத்தான் பேஸர் பஸ்ல ஏறலாமா? ஓடிப் பாத்தவரோட ரிவ்யூ

ஃபுல் மாரத்தானுக்கு ரெஜிஸ்டர் பண்ணா டி-ஷர்ட், மெடல், பிப் (நெஞ்சுல குத்தற நம்பர்), டைமிங் சிப் இதெல்லாத்தோட சேத்து ஆர்கனைசர் ஒரு சர்வீஸும் குடுக்கறாங்க, அத பத்தி மட்டும் யாரும் உக்காந்து ரிவ்யூ எழுதறதில்ல. அதான் பேஸர். முதுகுல ஒரு கொடி, கொடில 4:00, 4:30, 5:00னு ஒரு டைம், இவர் கூடவே ஓடினா இந்த டைமுக்குள்ள ஃபினிஷ் லைன் தாண்டிடலாம்னு அர்த்தம். ஓடறவங்க நடுவுல இந்த பேஸர் கூட போற கூட்டத்துக்கு பேரு பஸ். தென்னாப்பிரிக்காவுல 90 கிலோமீட்டர் பக்கம் ஓடற காம்ரேட்ஸ் ரேஸ்ல இந்த பஸ்ஸுங்க ரொம்ப ஃபேமஸ், கூட்டிட்டு போறவர டிரைவர்னே சொல்லுவாங்க. ஒரு ஷூ வாங்க எத்தனை ரிவ்யூ படிக்கறோம், வாட்ச் வாங்கறதுன்னா அதவிட ஜாஸ்தி, ஆனா 4 மணி நேரம் 5 மணி நேரம் யார் முதுக பாத்துகிட்டு ஓடப்போறோமோ அவர பத்தி ஒரு கேள்வியும் கேக்காம ஸ்டார்ட் லைன்ல போய் நிக்கறோம். அதனால தான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா தான் வரும்.

முதல்லயே என் முடிவ சொல்லிடறேன். நல்ல பேஸர் அமைஞ்சா மாரத்தான்ல அதவிட பெரிய உதவி வேற எதுவும் கெடையாது, எந்த வாட்ச்சும் எந்த ஷூவும் கிட்ட வராது. ஆனா அந்த உதவி ரேஸ்ல எந்த இடத்துல கெடைக்குதுன்னு நெறைய பேருக்கு தெரியல. 35வது கிலோமீட்டர்ல நாம தளரும்போது இழுத்துட்டு போவார்னு நம்பி தான் ஏறறாங்க. 35ல யாராலயும் யாரையும் இழுக்க முடியாதுங்க. பேஸரோட உண்மையான வேலை முதல் 10 கிலோமீட்டர்ல, நம்மள புடிச்சு நிறுத்தி வெக்கறது. அத ஒழுங்கா செய்யற பேஸரா இல்லையான்னு பாத்து தான் நான் மார்க் போடுவேன்.

ஏன் அந்த முதல் 10 கிலோமீட்டருக்கு இவ்ளோ முக்கியத்துவம்னா, ஓட்டத்துக்கு தோராயமா ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1 கலோரி செலவாகும். 65 கிலோ எடை இருக்கறவர் 42.195 கிலோமீட்டர் ஓடி முடிக்க 2700 கலோரி பக்கம் வேணும். தசையிலயும் ஈரல்லயும் கிளைகோஜனா (உடம்பு சேத்து வெக்கற சர்க்கரை) சேந்து இருக்கறது சுமார் 2000 கலோரி தான். மிச்சம் உடம்பு கொழுப்புல இருந்தும் வழில எடுத்துக்கற ஜெல், ஸ்போர்ட்ஸ் டிரிங்க்ல இருந்தும் வரணும். வேகம் கூட கூட உடம்பு கொழுப்ப கம்மியா எடுத்துகிட்டு கிளைகோஜன அதிகமா எரிக்க ஆரம்பிச்சுடும். ரெண்டு மூணு வாரம் டேப்பர் பண்ணி, அதாவது ஓட்டத்த குறைச்சு ரெஸ்ட் எடுத்த காலு, சுத்தி கை தட்டற ஜனம், மைக்ல பாட்டு, இதுல 10 கிலோமீட்டர் வரைக்கும் எவ்ளோ வேகமா போனாலும் மூச்சு கூட வாங்காது, சும்மா பறக்கற மாதிரி இருக்கும். அப்ப எரிச்சது 30, 32 கிலோமீட்டர்ல தான் தெரியும். வால் (Wall), அதாவது சுவர்ல மோதின மாதிரி தெம்பு தீந்து நின்னுடறதுன்னு எல்லாரும் பயப்படறது அத தான். அந்த நேரத்துல ஜெல்ல எடுத்து வாயில ஊத்தினாலும் உடனே ஒண்ணும் நடக்காது, ஒரு மணி நேரத்துக்கு 30ல இருந்து 60 கிராம் கார்ப்னு ஆரம்பத்துல இருந்தே உள்ள போயிருந்தா தான் பிரயோஜனம்.

இப்ப 4:00 பஸ்ஸ எடுத்துக்குவோம், கணக்கு பாக்க ஈஸி. கிலோமீட்டருக்கு 5:41, அதாவது 5 நிமிஷம் 41 செகண்ட். 5 கிலோமீட்டர் 28:26, 10 கிலோமீட்டர் 56:53, பாதி தூரம் 2 மணி நேரம், 30ல 2:50:38, 40ல 3:47:31, மிச்சம் 2 சொச்சத்துக்கு பன்னண்டரை நிமிஷம் இருக்கும். இதுல பேஸர் கிலோமீட்டருக்கு வெறும் 11 செகண்ட் வேகமா, அதாவது 5:30ல போறார்னு வெச்சுக்கோங்க, பாதி தூரத்த 1:56ல தொட்டுடுவார். 4 நிமிஷம் கையில மிச்சம் இருக்கு, பின்னாடி மெதுவா போனாலும் பரவால்லன்னு சொல்லுவாங்க. கேக்கும்போது நல்லா தான் இருக்கும், ஆனா மாரத்தான்ல முன்னாடி சேத்து வெச்ச டைம பின்னாடி எடுத்து செலவு பண்ண முடியாது, முன்னாடி மிச்சம் புடிச்ச 4 நிமிஷத்துக்கு கடைசி 10 கிலோமீட்டர்ல 15, 20 நிமிஷம் போயிடும்.

நான் ஓடின ஒரு ரேஸ்ல (பேர் வேணாம்) 4:00 கொடி அச்சு அசலா இப்படித்தான் போச்சு. எந்த கிலோமீட்டர்ல எவ்ளோ டைம் ஆகணும்னு எழுதின பேப்பர் பேண்ட மணிக்கட்டுல கட்டியிருந்தேன், 10 கிலோமீட்டர் போர்டு கிட்ட பாத்தா 55 நிமிஷம். ரெண்டு நிமிஷம் முன்னாடி. அங்கயே கொடிய போக விட்டுட்டு என் வேகத்துக்கு வந்துட்டேன். அந்த கொடிய சுத்தி அப்ப ரோட்டு அகலத்துக்கு ஆள் இருந்தாங்க, எல்லாரும் சிரிச்சுகிட்டு செல்ஃபி எடுத்துகிட்டு போனாங்க. 33, 34 கிலோமீட்டர்ல இருந்து அதே மொகங்கள திரும்ப பாக்க ஆரம்பிச்சேன், ஒவ்வொருத்தரா, ஓரமா நடந்துகிட்டு, கெண்டைக்கால் புடிச்சுகிட்டு, தடுப்புல கைய ஊனி காலை நீட்டிகிட்டு. கொடி என்னவோ 3:59 சொச்சத்துல ஃபினிஷ் தாண்டிடுச்சு, ஆர்கனைசர் கணக்குல அவர் பாஸ். பேஸர் ரெண்டு மூணு வாரம் கழிச்சு போட்டோ போட்டு வாழ்த்து கூட வாங்கியிருப்பார். ஆனா அந்த பஸ்ல ஏறினவங்க எத்தனை பேர் அந்த பஸ்ல வந்து இறங்கினாங்கன்னு யாரும் எண்ணல. எனக்கு இதுல உண்மையிலயே வருத்தம், ஏன்னா அதுல பாதி பேருக்கு அது முதல் ஃபுல், மாசக்கணக்கா விடியக்காலைல எழுந்து லாங் ரன் போட்டு வந்தவங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு ரேஸ்ல ஒரு பேஸர் கெடைச்சார், அவர பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நல்ல சர்வீஸ்னா எப்படி இருக்கும்ங்கறதுக்கு எனக்கு இன்னிக்கும் அவர் தான் அளவு. ஸ்டார்ட்ல பயங்கர நெரிசல், முதல் கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் ஆயிடுச்சு. பின்னாடி இருந்து ஒருத்தர் பதறிப்போய் "லேட்டா போறோமேங்க"ன்னார். பேஸர் திரும்பி கூட பாக்கல, "19 செகண்ட் தாங்க, அடுத்த 10 கிலோமீட்டர்ல ரெண்டு ரெண்டு செகண்டா எடுத்துக்கலாம், நீங்க பேசிகிட்டே வாங்க"ன்னார். அதே மாதிரி தான் எடுத்தார். யாரையும் வெட்டி வெட்டி ஓவர்டேக் பண்ணல, நடைபாதை மேல ஏறி ஓடல. பேசிகிட்டே வாங்கன்னு அவர் சொன்னது சும்மா இல்ல, முழு வாக்கியம் பேச முடியுதான்னு தான் அவர் ஒவ்வொருத்தரையும் டெஸ்ட் பண்ணிகிட்டு இருந்தார். 8வது கிலோமீட்டர்ல ஒரு பையன் ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்கறத பாத்துட்டு, "தம்பி, கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு 4:15 பஸ் நல்லா இருக்கும், அவங்க நம்ம பின்னாடியே வந்துகிட்டு இருக்காங்க, அதுல போனா சந்தோஷமா முடிப்பீங்க"ன்னு தோள்ல கை வெச்சு சொன்னார். எவ்ளோ பேஸர் இத சொல்லுவாங்க?

அப்புறம் தண்ணி டேபிள். பேஸர் பஸ்ஸோட பெரிய பிரச்சனையே இது தான், 40 பேர் ஒரே நேரத்துல ஒரே டேபிள் மேல பாய்வாங்க, கப்பு கீழ விழும், காலு வழுக்கும், பின்னாடி வரவங்க மேல இடிப்பாங்க. இவர் 200 மீட்டர் முன்னாடியே கைய தூக்கி, "தண்ணி வருது, முதல் டேபிள விட்டுடுங்க, கடைசி டேபிள்ல எடுங்க, எடுத்ததும் ஓரம் ஒதுங்கி நடந்தே குடிங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்"ன்னு சொல்லுவார். சொன்ன மாதிரி அந்த இடத்துல 10 செகண்ட் மெதுவா போவார், போன 10 செகண்ட அடுத்த ஒரு கிலோமீட்டர் முழுக்க பரப்பி எடுப்பார். சுமாரான பேஸர் தண்ணிக்கு அப்புறம் 200 மீட்டர் ஸ்ப்ரிண்ட் மாதிரி ஓடி டைம சரி பண்ணுவார், ஒவ்வொரு டேபிளுக்கும் இப்படி ஒரு குட்டி ஸ்ப்ரிண்ட் போட்டா காலு என்னத்துக்கு ஆகும்.

தண்ணி பத்தி பேசும்போது இன்னொண்ணு. சில பேஸருங்க "எல்லாரும் குடிங்க, எல்லா டேபிள்லயும் குடிங்க"ன்னு கத்திகிட்டே வருவாங்க. அக்கறைல தான் சொல்றாங்க, ஆனா அது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடின 488 பேரோட ரத்தத்த டெஸ்ட் பண்ணி பாத்ததுல 13% பேருக்கு சோடியம் அளவு இருக்க வேண்டியதுக்கு கீழ இருந்துச்சு, ஓடும்போது அளவுக்கு மீறி குடிச்சு எடை கூடினவங்களுக்கும், 4 மணி நேரத்துக்கு மேல ஓடினவங்களுக்கும் தான் அது அதிகம். அதாவது மெதுவா போற பஸ்ஸுக்கு தான் இந்த ரிஸ்க். தாகத்துக்கு குடிங்க, அவ்ளோ தான், பேஸர் சொல்றாருன்னு வயித்த ரொப்பாதீங்க.

அந்த நல்ல பேஸர் 28 வரைக்கும் கதை பேசிகிட்டே வந்தவர், அதுக்கப்புறம் பேச்ச குறைச்சுட்டார். நடுநடுவுல "தோள இறக்குங்க", "கைய இறுக்கி புடிக்காதீங்க", "ஜெல் எடுத்தாச்சா" இந்த மாதிரி மட்டும் தான். 38ல திரும்பி பாத்து, "தெம்பு இருக்கறவங்க என்ன தாண்டி போங்க, என் பின்னாடி நிக்க வேணாம்"ன்னார். பஸ்ல இருந்த பாதிக்கு மேல அவர தாண்டி போச்சு, மிச்சம் பேர் அவர் கூடவே வந்தாங்க. அவர் முடிச்சது 3:59:40 பக்கம். என்ன பொறுத்தவரைக்கும் முழு மார்க்.

சரி, கையில ஜிபிஎஸ் வாட்ச் இருக்கும்போது பேஸர் எதுக்குன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. வாட்ச் நல்ல பொருள் தான், ட்ரெயினிங்குக்கு அது இல்லாம நான் போறதில்ல. ஆனா ரேஸ் அன்னிக்கு அதோட ஆவரேஜ் பேஸ (சராசரி வேகத்த) அப்படியே நம்பினா கடைசில ஏமாத்தம் தான் மிஞ்சும். மாரத்தான் ரூட்ட அளக்கறது கேலிபரேட் பண்ண சைக்கிள்ல, முன் சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்ன கருவி மாட்டி, ஒவ்வொரு வளைவுலயும் ஓரத்துல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓட முடியறதுலயே ரொம்ப கம்மி தூரம் வர பாதைல அளப்பாங்க. தூரம் கொறஞ்சுடக்கூடாதுன்னு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடவே சேப்பாங்க, அதுவே மொத்தத்துல 42 மீட்டர். நாம அந்த பாதைல ஓடறதில்ல, வளைவுல வெளிப்பக்கமா போறோம், தண்ணிக்கு ரோட்ட குறுக்க கடக்கறோம், ஆள சுத்திகிட்டு போறோம், அதோட ஜிபிஎஸ் தப்பும் சேந்துக்கும், அதனால முடிக்கும்போது வாட்ச் 42.5, 42.6னு காட்டறது ரொம்ப சகஜம். வாட்ச் ஆவரேஜ் 5:41னு காட்டுது, நிம்மதியா வந்தேன், ஃபினிஷ்ல பாத்தா 4:02ன்னு பொலம்பறவங்க கதை எல்லாம் இது தான். 42.6 ஓடப்போறீங்கன்னா வாட்ச்ல 5:38 காட்டணும், அப்ப தான் 4 மணி நேரம். பெர்லின், லண்டன் மாதிரி ரேஸ்ல அந்த கம்மி தூர பாதைய ரோட்லயே நீலக் கோடா போட்டிருப்பாங்க, அந்த கோட்டு மேல ஓடினாலே பாதி பிரச்சனை தீந்துடும். உயரமான பில்டிங் நடுவுல, சுரங்கப்பாதைல, பாலத்துக்கு அடியில போனா வாட்ச்ல வர உடனடி பேஸ் 4:10ங்கும் அடுத்த நிமிஷம் 7:30ங்கும். சிகாகோ மாரத்தான்ல ஆரம்ப கிலோமீட்டர்லயே இந்த கூத்து நடக்கும்.

நல்ல பேஸருக்கு இது எல்லாம் தெரியும். அவர் வாட்ச்ல ஆட்டோ லேப்ப (வாட்சே ஒவ்வொரு கிலோமீட்டரையும் தானா குறிச்சுக்கறது) ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு கிலோமீட்டர் போர்டு கிட்டயும் கையாலயே லேப் அடிப்பார், போர்டுல இருக்கற தூரத்துக்கும் மொத்த டைமுக்கும் தான் கணக்கு பாப்பார். நீங்களும் ஸ்டார்ட்ல பக்கத்துல நிக்கும்போது "மேனுவல் லேப்பா ஆட்டோ லேப்பா"ன்னு கேட்டு பாருங்க, பதில்லயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். அவர் தப்பு பண்ணா மாட்டிக்காம இருக்க நீங்களும் ஒரு பேப்பர் பேண்ட்ல 5 கிலோமீட்டருக்கு ஒரு தடவ டைம் எழுதி மணிக்கட்டுல கட்டிக்கோங்க, செல்லோ டேப் சுத்தினா வேர்வைல கரையாது. மொத்த மாரத்தான் சாமான்லயே இதவிட உருப்படியான பொருள நான் பாத்ததில்ல.

கன் டைம் (ரேஸ் ஆரம்பிச்சதுல இருந்து எண்றது), சிப் டைம் (நீங்க ஸ்டார்ட் லைன் தாண்டினதுல இருந்து எண்றது) விஷயத்துல தான் ஆர்கனைசருங்க ரொம்ப சொதப்பறாங்க. பேஸர் எந்த டைமுக்கு ஓடறார்னு எங்கயும் எழுதி இருக்காது. அவர் முன்னாடி வேவ்ல (கூட்டத்த பிரிச்சு அனுப்பற பேட்ச்) கிளம்பி, நீங்க 3 நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் லைன்ல இருக்கற டைமிங் மேட்ட தாண்டினீங்கன்னா, அவர விட 3 நிமிஷம் பின்னாடி முடிச்சாலும் உங்க சிப் டைம் அவரோடது தான். இது புரியாம கொடி கண்ணுக்கு தெரியுதேன்னு துரத்தி 5 கிலோமீட்டருக்குள்ள புடிச்சீங்கன்னா நீங்க ஓடினது கிலோமீட்டருக்கு 5:05. 4:00 பஸ்ஸ புடிக்க மூணரை மணி நேர மாரத்தான் ஓடறவரோட வேகத்த கிட்டத்தட்ட தொட்டுட்டீங்க. ஸ்டார்ட்லயே கொடி பக்கத்துல நிக்க முடியலன்னா அந்த கொடிய மறந்துடுங்க, பேப்பர் பேண்ட் போதும்.

எந்த பஸ்ல ஏறறதுங்கறதுலயும் சர்வீஸ் பத்தல. ரேஸுக்கு முன்னாடி பிப் வாங்கற எக்ஸ்போல பேஸர் டேபிள்ல போய் கேட்டா "ஹாஃப் டைம ரெண்டால பெருக்கி 10 நிமிஷம் சேத்துக்கோங்க"ன்னு ஒரே பதில் தான் எல்லாருக்கும். ரீகல் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு, தூரம் ரெண்டு மடங்கானா டைம் சுமார் 2.085 மடங்கு ஆகும்னு சொல்லும், அதுப்படி 1:55 ஹாஃப் ஓடறவர் 3:59:46ல ஃபுல் முடிக்கணும். கணக்கு கரெக்ட் தான், ஆனா 30, 32 கிலோமீட்டர் லாங் ரன் எல்லாம் ஒழுங்கா போட்டு, வாரத்துக்கு நல்ல மைலேஜ் இருக்கறவங்களுக்கு தான் அது வரும். முதல் ஃபுல்லுன்னா 1:55 ஹாஃப் ஆளு 4:15 பஸ்ல ஏறட்டும், 30 தாண்டியும் தெம்பு இருந்தா இறங்கி முன்னாடி போகட்டும். பின்னாடி பஸ்ல இருந்து முன்னாடி போறவர் மொகமும், முன்னாடி பஸ்ல இருந்து கழண்டு பின்னாடி வரவர் மொகமும் எப்படி இருக்கும்னு 36வது கிலோமீட்டர் ஓரத்துல ஒரு தடவ நின்னு பாத்தவங்களுக்கு நான் விளக்கவே வேணாம்.

வெயில் அடிக்கற நாள்ல இன்னொரு சிக்கல் இருக்கு. பேஸர் கொடில எழுதின டைமுக்கு தான் பொறுப்பு, உங்க இதயத்துடிப்புக்கு பொறுப்பில்ல. சூடும் புழுக்கமும் ஏற ஏற அதே வேகத்துக்கு ஹார்ட் ரேட் மேல போய்கிட்டே இருக்கும், அப்பவும் அவர் 5:41 தான் ஓடுவார், ஓடியும் ஆகணும், அவர் மேல குத்தம் சொல்ல முடியாது. அந்த மாதிரி நாள்ல ஸ்டார்ட்லயே ஒரு பஸ் பின்னாடி போயிடறது தான் சரி. மேடு பள்ளத்துலயும் இதே மாதிரி. நல்ல பேஸர் மேட்டுல 15, 20 செகண்ட் விட்டுக்குடுத்து எறக்கத்துல நிதானமா எடுப்பார், செகண்ட் தவறாம மேட்டுலயும் 5:41 அடிக்கறவர் பின்னாடி போனா தொடை காலி.

எலீட் ரேஸ்ல வர பேஸர் வேற, அவங்க காசு வாங்கிகிட்டு 25, 30 கிலோமீட்டர் வரைக்கும் காத்த மறைச்சு வேகத்த புடிச்சு குடுத்துட்டு ஒதுங்கிடுவாங்க. 1994 லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான்ல பால் பில்கிங்டன் அப்படி பேஸ் பண்ண வந்தவர் ஒதுங்காம ஓடி ரேஸையே ஜெயிச்சுட்டார். 2019ல வியன்னாவுல கென்யா வீரர் கிப்சோகே மாரத்தான் தூரத்த 1:59:40ல ஓடினதுக்கு 41 பேஸர் மாறி மாறி வந்தாங்க, அதனாலயும் அது ரெக்கார்டா எடுத்துக்கப்படல. ஆனா நமக்கு உதவற பாடம் வேற இடத்துல இருக்கு. கிப்சோகே 2022 பெர்லின்ல முதல் பாதிய 59:51ல ஓடி 2:01:09ல முடிச்சார். இன்னொரு கென்யா வீரர் கிப்டம் 2023 சிகாகோல முதல் பாதி 60:48, ரெண்டாவது பாதி 59:47, மொத்தம் 2:00:35. முதல் பாதில கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் மெதுவா போனவர் தான் கிப்சோகேயோட அந்த 2:01:09 ரெக்கார்ட ஒடைச்சார். உலகத்துலயே வேகமா ஓடறவங்களுக்கே அப்படின்னா 4:00 பஸ்ஸுக்கு 1:56ல பாதி தூரம் எதுக்குங்க?

கொடி, பலூன் பத்தி சின்னதா. பலூன் வேணாம், காத்து அடிச்சா பின்னாடி ஓடறவர் மூஞ்சில தான் அடிக்கும், வெடிச்சா நம்பரும் போச்சு. முதுகுல மாட்டற கொடி நல்லா இருக்கும், ரெண்டு பக்கமும் டைம் எழுதி இருக்கணும். ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு பேஸர் இருக்கணும், ஒருத்தர் டாய்லெட் போனாலோ வயிறு சரியில்லன்னாலோ இன்னொருத்தர் பாத்துக்குவார். ஒத்த பேஸர் பஸ்ஸுன்னா நான் ஒரு மார்க் கம்மி பண்ணிடுவேன்.

கடைசி பஸ்ஸ பத்தி சொல்லாம முடிக்க மனசு வரல. 6 மணி நேர கட்-ஆஃப் (அதுக்குள்ள முடிச்சாகணும்) இருக்கற ரேஸ்ல 6:00 கொடி தான் நெறைய பேரோட ஒரே நம்பிக்கை, வயசானவங்க, அடி பட்டு திரும்பி வந்தவங்க, முதல் தடவ ஓடறவங்க எல்லாம் அந்த பஸ்ல தான். கிலோமீட்டருக்கு 8:32. ஆனா கட்-ஆஃப் கன் டைம்ல, கடைசி வேவ் ஸ்டார்ட் லைன் மேட்ட தாண்டறதே 10 நிமிஷம் கழிச்சுன்னா, அவங்க ஓட வேண்டியது 8:18. அந்த 14 செகண்ட் வித்தியாசம் தெரியாம சிப் டைமுக்கு பேஸ் பண்ணி, மொத்த பஸ்ஸையும் மூடின ஃபினிஷ் லைனுக்கு கூட்டிட்டு வந்தா அத எந்த வார்த்தைல சொல்றது. அந்த பஸ்ஸுல பெரும்பாலும் ரன்-வாக் தான் ஓடும், 4 நிமிஷம் ஓட்டம் 1 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது ஒண்ணு, அந்த விகிதத்த முன்னாடியே சொன்னா தான் ட்ரெயினிங்ல அதே மாதிரி பழகிட்டு வர முடியும், ரேஸ் அன்னிக்கு காலைல சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நெறைய இடத்துல அனுபவம் இருக்கற பேஸர எல்லாம் 3:45, 4:00க்கு போட்டுட்டு, யாரும் எடுத்துக்காத கொடிய புதுசா வந்தவர் கையில குடுத்து கடைசி பஸ்ஸுக்கு அனுப்பறாங்க.

ஆர்கனைசர் யாராவது இத படிச்சா, பேஸர் போட்டோவ மட்டும் போடாம அவர் போன ரேஸ்ல ஓடின 5 கிலோமீட்டர் ஸ்ப்ளிட்டையும் (ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் எடுத்த டைம்) சேத்து போடுங்க, கன் டைமா சிப் டைமா, எந்த வேவ்ல நிப்பார்னு ஒரு வரி எழுதுங்க. கடைசி பஸ்ஸுக்கு உங்க கிட்ட இருக்கற ரொம்ப அனுபவசாலி ரெண்டு பேர போடுங்க. அப்படி போடற ரேஸ் எதுவா இருந்தாலும், அந்த 6:00 கொடிய தூக்க ஆள் வேணும்னா நான் வரேன்.